காயாத காசுமாலை

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாவது வரைதான்; எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். போர்டில் பிரஷ் பிடித்தால் அச்சுப் போல எழுதுவேன், பேனா பிடித்தால்தான் இப்படி. புதிதாக ஆயில் பெயின்டிங் ஆர்டர் எடுக்கும் தம்பிகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் கடை. ஒரு நாள் புளி மண்டி மாதப்பன் வந்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம். அவரும் மனைவி சாலம்மாளும் ஜோடியாக நிற்கிற படம் ஒன்று மண்டபத்தில் வைக்க வேண்டுமாம். போட்டோவைப் போனில் அனுப்பினார்.

"உள்ளது உள்ளபடி இருக்கணும் ஆர்ட்டிஸ்டு" என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "தலையில மட்டும் கொஞ்சம் முடி வெச்சிரு. வயித்தையும் லேசா உள்ள தள்ளிரு."

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. தலையை ஆட்டினேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாலம்மாள் அக்கா தனியாக வந்தார். படத்தை நின்று பார்த்தார்.

"யாரு தம்பி இது, என் பக்கத்துல?"

"உங்க வூட்டுக்காரருங்க."

"முடி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி. அவருக்கு முடி வெச்ச கையால எனக்கு ஒரு காசுமாலை போட்டுருங்க. கல்யாணத்தப்பவே வாங்கித் தர்றேன்னாரு. வருசா வருசம் கேட்டா புளி வெலை எறங்கிப்போச்சுங்கறாரு. படத்துலயாவது போட்டுக்கறேன்." சொல்லும்போது கை தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தது.

அதற்கும் தலையை ஆட்டினேன். காசுகள் எழும்பித் தெரியட்டும் என்று மஞ்சளைக் கெட்டியாக வைத்தேன். ஆயில் பெயின்ட் கெட்டியாக வைத்தால் ஒரு வாரம் ஆனாலும் காயாது.

விழா அன்று படத்தை ஸ்டாண்டில் வைத்து, மேலே ஒட்டாதபடி தள்ளித் திரை கட்டினேன். மாதப்பன் மாலையும் கழுத்துமாகத் திரைக்குள் நுழைந்தார்.

"இந்தக் காசுமாலை ஏது?"

நான் திரை முடிச்சை இறுக்குவது போல அந்தப் பக்கம் திரும்பினேன்.

"ஜனம் பாத்தா, நகை எங்கன்னு கேக்கும்யா. அழிச்சிரு."

"இப்ப தொட்டா அப்பிக்குங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரலால் துடைத்தார். மஞ்சள் படத்திலிருந்து விரலுக்கு வந்து, விரலிலிருந்து பட்டு வேட்டிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து அக்கா திரையை விலக்கினார். அவருக்குப் பின்னால் மாதப்பனின் தங்கச்சி, அதற்குப் பின்னால் பாதி மண்டபம்.

"ஏம்புள்ள, ஏது இது?" என்றார் மாதப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களுக்கு முடி மொளைச்ச எடத்துலதாங்க இதுவும் மொளைச்சுது."

தங்கச்சிக்கு அது காதில் விழவில்லை. அவர் கண் படத்தில் இருந்தது. "எப்பண்ணா வாங்குன? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஏன் அண்ணி, போடாம வந்துட்டீங்க?"

அக்கா கணவர் முகத்தையே பார்த்தார். மாதப்பன் மஞ்சள் விரலை மடக்கிக்கொண்டார்.

"செய்யக் குடுத்திருக்குது. ஆசாரி லேட் பண்ணிட்டான்."

"எந்தக் கடைலங்க?" என்றார் அக்கா. "நாளைக்கு நானும் வர்றேன்."

மாதப்பன் அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மாதம் இருவரும் படத்தோடு கடைக்கு வந்தார்கள். அக்கா கழுத்தில் அசல் காசுமாலை. அதைப் பார்த்தே, அப்பியிருந்த இடத்தைச் சரிசெய்து கொடுத்தேன். மாதப்பன் போன் பேச வெளியே போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கை ரெண்டும் வெறுமையா தெரியுதில்லீங்களா தம்பி?"

வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டேன்.

தம்பிகளே, ஜோடிப் படம் வரைவதானால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். நகையை முதல் நாளே கேட்டுவிடுங்கள். அது காய நாள் வேண்டும்.

எழுதி முடித்தது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கடை லீவில்.