குட்டிகள் படம்

மாடியில் வாடகைக்கு இருக்கும் பையனுக்கு முகம் நிறையத் தாடி. அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பிள்ளை கிடையாது. நேற்று சாயங்காலம் தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லப் படியேறினால், இரண்டு பேரும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மஞ்சள் வாத்து, பல் தேய்ப்பது எப்படி என்று பாடுகிறது. இவன் தலையாட்டுகிறான். திரை ஓரத்தில் வயசு போட்டிருக்கிறது; எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே தெரிகிறது, அது இரண்டு வயசுப் பிள்ளைக்கு எடுத்தது. அடுத்து இரும்பு மனுஷர்கள் அடித்துக்கொள்ளும் படமாம், அது பத்து வயசுக்காரனுக்கு. அரிசி மாதிரி தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

"மோனே, பல்லு தேய்க்கத் தெரியாமலா உனக்கு வேல கொடுத்தாங்க?" என்றேன்.

"ஆபீஸ்ல ஒரே டென்ஷனாக்கும் அம்மா. இதப் பாத்தா ஒரு சமாதானம்."

வாத்து கொடுக்கிற சமாதானம். மோட்டாரை நானே நிறுத்திவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் கோமதி அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்ரீவராகத்தில் எங்களுக்கு எதிர்வீடு. தெருவில் முதலில் டிவி வாங்கியவள், அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். நாங்கள் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, இவருக்குக் கிழக்கேகோட்டைப் பாத்திரக்கடையில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த புதுசு. ஞாயிற்றுக்கிழமை குட்டிகள் படம் உண்டு, வந்து பாருங்கள் என்றாள். குட்டி என்றால் எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டி. இந்த மலையாளத்து ஊரில் பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? போய்ப் பார்த்தால் ஒரு நரிக்குட்டி சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு வார்த்தை பேசாத மனுஷன், அங்கே பிள்ளைகள் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிப்பார். பிள்ளைகள் நரியை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்க்கும். மீசை வைத்த ஆளுக்கு இது தேவையா? எனக்குக் கூசும்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கோமதி அக்கா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "குட்டி இல்லாதவங்களுக்குக் குட்டிகள் படம் எதுக்காக்கும்?"

நான் விடுவேனா? "இல்லன்னு யாரு சொன்னா? ஊர்ல ரெண்டு ஆட்டுக்குட்டி நிக்கு" என்றேன்.

அறையே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். வீட்டுக்கு வந்துதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

தீபாவளிக்குள் எங்கள் வீட்டுக்கும் டிவி வந்தது. முறுக்குச் சுற்றி விற்று நான் வாங்கினேன். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கொடுத்தேன். அதே நரி, அதே சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்தார். இடித்துக்கொண்டு உட்கார ஒரு பிள்ளை இல்லை. கொஞ்ச நேரத்தில், "நிறுத்திரு" என்றார்.

அப்புறம் அவர் எந்தப் படமும் கேட்கவில்லை. இப்போது அவரும் இல்லை. கோமதி அக்கா வீட்டுப் பிள்ளைகள் துபாயில். எங்கள் தெருவில் குட்டி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, பிள்ளையும் இல்லை, ஆடும் இல்லை. படம் மட்டும் ராத்திரி பகல் ஓடுகிறது, தாடிக்காரர்களுக்காக.

படியில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தேன். மேலே வாத்து பாடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரத்தில் ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே. இல்லை.