கொடுக்காத போத்தல்

எங்கள் குடும்பத்தில் பியர் காய்ச்சியவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வெட்கமில்லை, இன்றைக்கும் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ரில், அதாவது நிலவறையில், ஜேர்மனியில் இருந்து தருவித்த ஒரு மெசின் நின்றது. பெரிய எவர்சில்வர் பானை, அடியில் சூடாக்கும் கம்பி, பக்கத்தில் சின்னப் பம்ப், முன்னால் நாலைந்து பொத்தான்கள். முளைகட்டிய பார்லியை ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது எல்லாம் அந்த ஒரே பானைக்குள் நடக்கும். இங்கத்தைய சாதாரண பிளக்கில் வருகிற 120 வோல்ட் அதற்குப் போதாது. நான் மின்சாரக் கொன்ட்ரோல் பனல் பூட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவள். உடுப்புக் காயவைக்கும் ட்ரையரின் பிளக்கில் அதைக் கொழுவிவிட்டேன். நான் காய்ச்சுகிற சனிக்கிழமைகளில் வீட்டில் ஒருவருக்கும் உடுப்புக் காயாது.

பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்த மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, இது பொறுக்கவில்லை. குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் விஸ்கி குடிக்கிற மனிதர்.

"பொம்பிளைப்பிள்ளை பியர் காய்ச்சுறாள் எண்டு தெரிஞ்சால் சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

"நல்ல பியர் எண்டு கதைக்கும் மாமா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

சந்தோசப்பட்டது என் தம்பி மட்டும்தான். அவன் ஊரில், சண்டை நடந்த வன்னியில், ட்ரக்டர் திருத்துகிறவன். எப்போதாவது லைன் கிடைத்து எடுத்தால் நலம் விசாரிக்க முதல் மெசினைத்தான் விசாரிப்பான். முதல் தடவை பம்ப் அடைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "பார்லியை மாவா அரைச்சுப்போட்டாய் அக்கா. குருணலா உடைச்சாக் காணும்" என்றான். பியரைக் கண்ணால் காணாமலே அவன் சொன்னது சரியாக இருந்தது. 2009 மாசி மாதம் அவன் கடைசியாக எடுத்தபோது, "கறுப்புப் பியர் ஒண்டு போடக்கா. நான் வந்து குடிச்சிட்டுச் சொல்லுறன்" என்றான். பின்னால் ஷெல் சத்தம் கேட்டது.

போட்டேன். வேலை முடிய, போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுன் வீதியில் பதாகையோடு நின்று கத்தி, தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து, சனிக்கிழமைகளில் போத்தல் கழுவினேன். கறுப்புப் பியர் குடிக்கிற பதத்துக்கு வந்தபோது வைகாசி. போர் முடிந்துவிட்டதாக ரீவி சொன்னது. கொழும்பில் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். தம்பியிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. அவனை அகதி முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது அவனில்லை என்று இன்னொருவர் சத்தியம் செய்தார்.

ஆவணியில் மாமா வந்தார். அம்மாவும் நானும் வரவேற்பறையில் இருந்தோம்.

"அவனுக்கு எட்டுச் செலவைச் செய்துவிடுவம் பிள்ளை. அம்மா எத்தினை நாளைக்கு உப்பிடி இருக்கிறது?"

எட்டுச் செலவு என்றால், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வாழையிலையில் படைப்பது. புட்டு, பொரித்த மீன், சிகரெட், குடிப்பவராக இருந்தால் போத்தலும்.

"நீ காய்ச்சினதிலை ஒரு கறுப்புப் போத்தல் தா. அவன் ஆசைப்பட்டுக் கேட்டதாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த நாளை அவன்ரை திதி எண்டு வைச்சுச் செய்யப்போறியள் மாமா?"

"சண்டை முடிஞ்ச நாளைத் திதியா வைப்பம். கனபேர் அப்பிடித்தான் வைக்கினம்."

"அவன்ரை உடம்பை ஆர் கண்டது?"

அவர் அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப தரமாட்டன். அது அவன் வந்து குடிக்கக் காய்ச்சினது. செத்தவனுக்கு நான் காய்ச்சேல்லை."

மாமாவை எதிர்த்து நிற்பது எனக்குப் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் அம்மா. அவர் என் கையைப் பிடித்தார். "குடு பிள்ளை. எனக்கு வாய்விட்டு அழவேணும். செத்திட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லாமல் நான் எப்பிடி அழுறது?"

பெற்றவளின் துக்கத்துக்கு முன்னால் என் பிடிவாதம் எந்த மூலைக்கு என்று எனக்கும் தெரியும். கொடுத்திருக்கலாம். ஒரு போத்தல்தான். ஆனால் அதை அந்த இலையில் வைத்தால் என் கையாலேயே அவனை முடித்துவைத்ததாகிவிடும். அம்மாவுக்கும் மாட்டேன் என்றேன். மாமா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார். இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே எல்லாச் சடங்கும் சனிக்கிழமைக்குத்தான் வரும். அந்தச் சனிக்கிழமை காலை மாமாவின் கார் வந்து அம்மாவை அஜக்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போனது. நான் கீழே இறங்கி ட்ரையரின் பிளக்கைக் கழற்றி மெசினைக் கொழுவினேன். இன்னொரு கறுப்பு. பார்லியைக் குருணலாக உடைத்துக் கொட்டினேன். பம்ப் ஓடத் தொடங்கியதும் மாமாவைத் திட்டினேன், வெடி கொளுத்தியவர்களைத் திட்டினேன், ஒரு ரெலிபோன் கோல் எடுக்காத தம்பியையும் விட்டுவைக்கவில்லை. பிறகு பானைக்குள் பார்லி ஊறிய கூடையைத் தூக்கி வடியவிட்டு, சாறு கொதிக்கும் வரை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

கசப்புக்காக ஹொப் பூவைப் போடுகிற நேரம் அம்மா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்ர் படியில் அமர்ந்தார். கண் வீங்கியிருந்தது. ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பானையையே பார்த்தேன்.

"வடிவாச் செய்தவை. மாமா கடையிலை ஒரு கான் பியர் வாங்கி வைச்சவர்."

"ம்."

"நல்லா அழுதன் பிள்ளை. எல்லாரும் சொன்ன மாதிரி நானும் அவன் போயிட்டான் எண்டு சொல்லி அழுதன்."

அடுப்படியில் இருந்து வந்தவரைப்போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்லிப்போடாதை" என்றார். "நான் சொல்லிப்போட்டன். நீ சொல்லாதை."

நான் இன்றுவரை சொல்லவில்லை.