நாகமரைப் படகுக்கு டெக் போட்டேன்

பென்னாகரத்தில் அலுமினியக் கதவு, ஜன்னல், ஆபீஸ் பார்ட்டிஷன் செய்கிற கடை என்னுடையது. தண்ணீரில் மிதக்கிற பொருள் எதையும் அதுவரை செய்ததில்லை. அதனால் நாகமரையில் மீன் பிடிக்கிற மாது, சின்ன அலுமினியப் படகு ஒன்றை டெம்போவில் கொண்டுவந்து இறக்கியபோது, "அட்ரஸ் மாறி வந்துட்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. இதுக்கு ஒரு டெக் போடணுங்க, மேல உக்கார்ற மாதிரி தளம்" என்றார்.

அவரும் மனைவி செல்வியும் சேர்ந்துதான் அணைத் தண்ணீரில் வலை விடுவார்கள். அவர் துடுப்புப் போட, செல்வி வலையை இறக்குவார். இப்போது செல்விக்கு முட்டி தேய்ந்துவிட்டது. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தனியா என்னால ஆவாதுங்க. இது சரிவரலன்னா படகை வித்துட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவ வேண்டியதுதான்."

போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாடோ தெரியாது. படகின் விளிம்பு மட்டத்துக்குத் தளம், அதன்மேல் நாற்காலி, அதில் ஒருவர் ஜம்மென்று உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. பாக்ஸ் பைப்பில் ஃபிரேம், மேலே கால் வழுக்காத செக்கர் ஷீட், அதை இறுக்க வரிசையாக ரிவெட் ஆணி. கல்யாண மேடை தோற்றது போங்கள்.

வெள்ளோட்டத்துக்கு நானும் போனேன். மாது டெக்கின்மேல் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, செல்வியைக் கைபிடித்து ஏற்றி உட்கார வைத்தார். வலையை இறக்க செல்வி ஒரு பக்கம் குனிந்ததுதான் தாமதம், படகு சாய்ந்து சேரோடு தண்ணீருக்குள் விழுந்தார். நல்லவேளை, கரையோரம் இடுப்பளவுதான். நானும் மாதுவும் கைகொடுத்துக் கரையேற்றினோம்.

"விடுங்கண்ணா, பெங்களூருதான்" என்றார் மாது.

செல்வி முந்தானையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார். "நான் உக்கார எடம் கேட்டனுங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து மேடை கட்டிட்டீங்க. பரிசல்ல பழகுனவங்க நாங்க. தண்ணிக்குப் பக்கமா உக்காந்தாத்தான் வலை கைக்கு வரும்."

அதுவரை அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எல்லாவற்றையும் மாதுவிடமே கேட்டிருந்தேன்.

"நீங்களே சொல்லுங்கம்மா, எப்படி உக்காந்தா முட்டி வலிக்காது?"

கரையில் கிடந்த மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினார். டேப்பை எடுத்து அளந்தேன்.

கடைக்கு வந்ததும் மேடையை அறுத்தேன். டெக்கை அந்தப் பெட்டி உயரத்துக்கு இறக்கினேன். முன்னால் கால் நீட்டுகிற இடத்தைத் திறந்தே விட்டேன். எடை கீழே இறங்கினால்தான் படகு நிதானப்படும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

மறுபடி நாகமரை. செல்வி யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். உட்கார்ந்து, வேண்டுமென்றே இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். படகு லேசாக அசைந்து நின்றது.

"இன்னும் என்ன வேடிக்கை? துடுப்பை எடுங்க" என்று மாதுவை அதட்டினார். கொஞ்ச தூரம் போனதும் வலை அவர் கையிலிருந்து சீராக இறங்க ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டர் யார் கொடுத்தாலும் கொடுக்கட்டும். அதைப் புழங்கப் போகிறவரிடம் பேசிவிட்டு டேப்பை இழுங்கள். கதவானாலும் சரி, படகானாலும் சரி.

அன்றைக்கு நான் வண்டியைக் கிளப்பும்போது தண்ணீரிலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"அண்ணா! கடைப் பக்கம் யாராச்சும் படகு வெலைக்கு வருமான்னு கேட்டா, வராதுன்னு சொல்லிடுங்க!"