உறையாத பால்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்வாசலில்தான் இட்லிக் கடை. பத்தொன்பது வருசமாக நடத்துகிறேன். மத்தியானம் அரிசி ஊறப்போட வேண்டும். சாயங்காலம் ஆட்ட வேண்டும். காலையில் நாலு மணிக்கு எந்திரிக்க வேண்டும். பொங்கலுக்கு மட்டும் லீவு.

மூன்று தடவை நான் அரிசி ஊறப்போடவில்லை. மறுநாள் உலகம் முடியப்போகிறது என்று நம்பினேன்.

மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா. கோவிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் விடியும்போது எல்லாம் முடியும், தோப்பில் இருக்கிறவர்கள் மட்டும் வேறு இடத்துக்குப் போவோம் என்று அந்த அம்மா சொல்லும். விடியும். ஒன்றும் ஆகாது. நம்ம மனசு சரியில்லை, அடுத்த பௌர்ணமி என்று சொல்லும். நாங்கள் தோப்பைக் கூட்டிவிட்டு வேனில் ஏறி வீட்டுக்கு வருவோம்.

கடைக்கு வருகிறவர்கள் விடுவார்களா.

"ஏக்கா, உலகம் அழிஞ்சா அழியட்டும். நாலு இட்லிய அவிச்சு வச்சிட்டுப் போயிருக்கலாம்லா" என்பார் ஆட்டோக்காரர்.

எனக்குக் கோபம் வராது. உலகம் முடியும் என்று கேட்டபோது பயமும் வரவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு எந்திரிக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது பௌர்ணமிக்கு அந்த அம்மா, இனிமேல் வீடு திரும்பக் கூடாது, சாமானையெல்லாம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றது. கிரைண்டரைப் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; அண்ணியை வதினா என்பார்கள், நாங்களும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவோம். பௌர்ணமி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வேனும் ஆறு மணிக்குத்தான்.

என் வீட்டுக்காரர் தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவர். போகாதே என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நாளைக்குத்தான் ஒண்ணும் இருக்காதுல்லா. இன்னைக்கு ஒரு படம் பாத்துட்டு வருவோம், வா."

"என்ன படம்?"

"சாமி படம். போஸ்டர்ல பாத்தேன். வெள்ளையா உடுத்திக் கும்புட்டுக்கிட்டு நிக்காவ."

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் காலைக் காட்சிக்கு உட்கார்ந்தோம். பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அது சாமி படம் இல்லை. காட்டுக்குள் ஒரு வீடு. இருபது பேர், எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு, ஒரு தலைவர். மலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காலத்தை மடக்கி வைத்திருக்கிறது. விடிந்தால் அதே நாள். அதே சேவல், அதே சண்டை. செத்தவனும் எழுந்து உட்காருகிறான். மூன்றாம் தடவை சேவல் கூவியதும் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஏலே ஆபரேட்டரு! போட்ட ரீலையே திருப்பிப் போடுதியேலே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. குத்திக்காட்டத்தான் கூட்டிவந்தார் என்று நான் நினைப்பேனோ என்று அவருக்குப் பயம்.

படத்தில் ரத்தம் வந்தது, அலறல் வந்தது. அது ஒன்றும் என்னைச் செய்யவில்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் தினமும் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி மூடி வைக்கிறாள். காலையில் சட்டியைத் திறந்தால் தயிர் இல்லை. உறை ஊற்றாத பால். மறுபடியும் ஊற்றுகிறாள். மறுபடியும் பால்.

எனக்கு வீட்டு மாவுச் சட்டி ஞாபகம் வந்தது.

என் மாவு அப்படி ஏமாற்றியதில்லை. மார்கழியில் மந்தமாகப் பொங்கும். சித்திரையில் சட்டியைத் தாண்டி வழியும். ஒரு நாள் மாவு மாதிரி மறுநாள் மாவு இருந்ததே இல்லை. பத்தொன்பது வருசமாக ஒரே நாளை ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். இல்லை.

பஸ்ஸில் அவர்தான் முதலில் பேசினார்.

"சாமி படம்னுதான் நெனச்சேன்."

"சாமி எங்க வந்துச்சு?"

"கடைசி வரைக்கும் பாத்தேன். வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறவு சொன்னேன். "உலகம் முடியணும்னு எனக்கு ஆசையில்ல. ஒரு நாள் ஏழு மணி வரைக்கும் தூங்கணும்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இத வீட்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கல."

"சரி. இனிமே வாராவாரம் செவ்வாக்கிழமை கடைய அடைச்சிருவோம்."

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. சேலைகூட மாற்றவில்லை. அரிசியைக் களைந்து ஊறப்போட்டேன். உளுந்தைத் தனியாகப் போட்டேன்.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா ரெண்டு ஆளோடு வந்தார். கிரைண்டரில் உளுந்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன வதினா, ஓடுது?"

"ஆமா. இன்னும் அரிசி ஆட்டணும்."

"பொறவு எடுத்துக்கிடவா?"

"நாளைக்கும் ஆட்டணும் வதினா. கோவிச்சுக்கிடாதீங்க."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "அப்போ உலகம் இருக்கா? இதுக்குன்னு அடுப்படியில எடம் ஒதுக்கிட்டேனே. அங்க இனி என்னத்த வைக்க?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மாவுக் கையோடு போனேன். ஏறு என்றார்கள்.

"நான் வரல. காலையில திரும்பும்போது எறங்குங்க. இட்லி இருக்கும்."

"நாங்க திரும்ப மாட்டோம்" என்றாள் ஒருத்தி.

"சரி. திரும்புனா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் போய்விட்டது.

காலையில் நாலு மணிக்கு எந்திரித்துச் சட்டியைத் திறந்தேன். மாவு பொங்கி மூடியைத் தொட்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். லேசான புளிப்பு.

எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் இருந்தாள். சேலையெல்லாம் பனி ஈரம். ஆட்டோக்காரர் வாயைத் திறந்தார். கரண்டியைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

"எத்தன வைக்க?" என்றேன் அவளிடம்.

"நாலு" என்றாள்.