ஒரு சொல்லுக்கு எழுதாமல் விட்ட அட்டை

அக்காவை நினைத்தால் முதலில் அவர் கையில் தொங்கிய செருப்புகள்தான் கண்ணுக்கு வருகின்றன. ஒரு நாள் காலை எங்கள் மருத்துவ நூலகத்தின் மாடிப்படியில், இரண்டு செருப்பையும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி வந்தார். சிராங்கூன் ரோட்டில் அந்த வாரம்தான் வாங்கிய புதுச் செருப்பு. "கடைக்காரன் காலைப் பாக்கேல்லை, பிள்ளை. பர்சைத்தான் பாத்தவன்" என்றார். பாதத்தில் வார் அழுந்திய தடம் சிவந்து கிடந்தது. இருவரும் படியிலேயே நின்று சிரித்தோம். மாற்றிக் கேட்டால் கடைக்காரர் பெரிய அளவு தருவார் என்று நான் யோசனை சொன்னேன்.

அவர் என் உடன்பிறந்த அக்கா அல்ல. நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மகள். அவர்கள் வீட்டில் பெண் ஆபீசுக்குப் போவது புதிதல்ல. எங்கள் வீட்டில் அது திருவிழா. என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கைநாட்டு வைத்தே பழகிய அப்பா, என் முதல் சம்பளத்தன்று என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு. அதை மறைத்துக்கொள்ள நான் கற்றுக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அக்காதான் முதலில் பேச்சில் கொண்டுவந்தார். ஊரிலிருந்த நூலகர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒரு மாலை வகுப்பு நடத்தினார்கள். வகுப்புக்கு நேரத்தோடு போக, அன்று மட்டும் சற்று முன்னதாகக் கிளம்ப அனுமதி வேண்டும். நாங்கள் இருவரும் தலைமை நூலகரிடம் நின்றபோது, அங்கே இதழ் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர், "புத்தகம் எடுத்துக் கொடுக்கக்கூட ஒரு பரீட்சையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா முகம் மாறாமல், "போன வாரம் நீங்கள் கேட்ட கட்டுரையை நாங்கள் தேடி எடுக்க மூன்று நாளாயிற்று, டாக்டர். பரீட்சை எழுதினால் ஒரு நாளில் எடுப்போம்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது. என் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. "பொஸ்தகத்த அடுக்கி வைக்க எதுக்குடி ராத்திரிப் படிப்பு? அதான் வேல கெடைச்சிருச்சு லா" என்று அவர் பல வாரம் முணுமுணுத்தார்.

அந்த வகுப்பில் நாங்கள் கற்ற பாடங்களில் ஒன்று என் மனத்தில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. காசநோய்க்கு ஒரு பழைய புத்தகம் ஒரு பெயர் சொல்லும், அதற்கும் பழையது வேறொன்று சொல்லும், புதிய இதழ் இன்னொன்று சொல்லும். டாக்டர் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அதனால் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்ற ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதி, 'இதற்கு அதைக் காண்க' என்று வழிகாட்டி இழுப்பறையில் செருகிவைக்க வேண்டும். பாடம் நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி, மருத்துவ நூலகத்தில் தவறிப்போன ஓர் அட்டை தவறிப்போன ஒரு நோயாளி என்று சொல்வார். அது கொஞ்சம் மிகை என்று நாங்கள் வெளியே வந்து சிரித்துக்கொள்வோம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே விளையாட்டாக்கினோம். அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் ஒன்றில்லை என்பதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இன்னைக்குப் பெரிய டாக்டர் என்கூட ரொம்ப நேரம் பேசினாருக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா பதறிப்போனார். "ஏன் பேசினவர்? நீர் என்ன பிழை விட்டனீர்?" அவர்கள் வீட்டில் பேசுவது என்றால் திட்டுவது, நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கதைப்பது. அன்றிலிருந்து பஸ் வரும்வரை வாயாலேயே அட்டை எழுதுவோம். "பேசுதல்: ஏசுதல் காண்க." "கதைத்தல்: பேசுதல் காண்க, ஆனால் அடி விழாது." சைனாடவுன் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். நாளாக ஆக, என்னோடு இருக்கும்போது அக்கா தன் சொற்களைத் தானே மாற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தால் "உடம்பு சரியில்லை" என்று எங்கள் வீட்டுச் சொல்லையே சொல்வார். ஓசை மட்டும் அவர்களுடையது. எனக்காகத்தான் அப்படி மாற்றிக்கொண்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருடைய தமிழ் முழுவதையும் கற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

பிறகு லண்டன் வந்தது. அங்கே ஒரு மருத்துவ நூலகத்தில் ஓர் ஆண்டு பயிற்சி, எங்கள் நூலகத்திலிருந்து ஒருவருக்கு மட்டும். இருவரும் மனுப் போட்டோம், இருவரும் நேர்முகத்துக்குப் போனோம். அக்காவுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். எனக்குக் கிடைத்தது. அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "போயிட்டு வாரும். வந்து ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்லவேணும். நான் இங்கை இருந்தே லண்டனில படிச்சு முடிச்சிடுவன்" என்றார். எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரர் வருவோர் போவோரிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார். அப்பா தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரங்களில் அக்கா காலையில் வரும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கும். முகம் உப்பியிருக்கும். மதியத்துக்குள் வடிந்துவிடும். இரவெல்லாம் அழுதவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால், "நித்திரை இல்லை" என்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிடுவார். மாலை வகுப்புக்கு ஒரு வாரம் வரவில்லை, மறு வாரமும் வரவில்லை. பிறகு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டதாகத் தலைமை நூலகர் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

பிஸ்கட் டின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. கதவைத் திறந்தவர் அவருடைய அம்மா. நான் பெயர் சொன்னதும் முகம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது.

"அவவுக்கு வருத்தம், பிள்ளை" என்றார்.

பிஸ்கட் டின்னை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ரொம்ப வருத்தமாம்மா?"

"ஓம், பெரிய வருத்தம். சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. இப்பதான் கண்ணயர்ந்தவ. உள்ளுக்கு வாரும், எழுப்பிறன்."

"வேண்டாம்மா, எழுப்பாதீங்க. இப்ப நான் முன்னால நின்னா இன்னும்தான் கஷ்டமா இருக்கும். நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மா என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். தூக்கம் கலைந்தால் கஷ்டம் என்று சொல்கிறேன் என நினைத்திருக்க வேண்டும். டின்னை வாங்கிக்கொண்டு, "நல்ல மனம் உமக்கு" என்றார்.

தனக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒருத்தி மனம் உடைந்து கிடக்கும்போது, கிடைத்தவள் போய் முன்னால் நிற்பது கொடுமை என்று நினைத்தேன். ஆறட்டும், அங்கிருந்து எழுதுவோம் என்று கப்பலேறினேன். எழுதினேன். வகுப்பில் கேட்டதை, நூலகத்தில் பார்த்ததை, ஒன்றும் விடாமல். பதில் வரவில்லை. இன்னும் ஆறவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு மறுபடியும் எழுதினேன்.

திரும்பி வந்த முதல் நாள் அக்காவின் மேசையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமை நூலகர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நான் கப்பலேறிச் சில மாதங்களிலேயே அக்கா இறந்துவிட்டார். சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. எங்கள் கட்டடத்து டாக்டரிடம் காட்டினால் செய்தி பைலுக்குப் போகும் முன்னே கேண்டீனுக்குப் போய்விடும் என்று வெளி டாக்டரிடமே காட்டியிருக்கிறார். நான் கப்பலேறிய பிறகு, பயிற்சி முடியும்வரை எனக்கு எதுவும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டதும் அவர்தானாம்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஓர் ஆண்டாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அக்காவுக்குக் கடைசி வரைக்கும் என்மேல வருத்தம் இருந்துச்சாம்மா?"

அவருக்குப் புரியவில்லை. "உம்மேலயோ? உம்மேல என்னெண்டு பிள்ளை வருத்தம்? வருத்தம் கிட்னியிலயெல்லோ. உமக்கு அண்டைக்கே சொன்னனானே."

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வீட்டில் வருத்தம் என்றால் நோய்.

நோயின் பெயர்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காகவே கடல் தாண்டிப் போய்ப் படித்து வந்தவள் நான். நோய் என்ற சொல்லையே ஒரு வாசற்படியில் நின்று தவற விட்டேன். எனக்கு நன்கு பழக்கமான டாக்டர் ஒருவரிடம் பிறகு கேட்டுப் பார்த்தேன். நான் தெரிந்துகொண்டிருந்தாலும் அக்கா பிழைத்திருக்க மாட்டார், அன்று அதற்கு வைத்தியம் இல்லை என்றார். நம்புகிறேன். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் கப்பலேறும் முன் எனக்குச் சில வாரங்கள் இருந்தன. ஒவ்வொரு மாலையும் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கலாம். அந்த மாலைகளை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அந்த மாலை வகுப்பில் நானே பாடம் எடுக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சிலர் என்னைப்போல் வீட்டில் முதலாவதாகப் படித்தவர்கள். முன்போல யாரும் கேலியாகக் கேட்பதில்லை, ஆபீசே அனுப்பிவைக்கிறது. பெயர்களைப் பற்றிய பாடம் வரும் வாரம் மட்டும் வேறொருவரை எடுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

லண்டனிலிருந்து திரும்பிய அன்று, அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்காவின் அம்மா வாசல்வரை வந்தார். பிஸ்கட் டின்னோடு நான் வந்த மாலையைப் பற்றி, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் போன கொஞ்ச நேரத்தில் அக்கா விழித்துக்கொண்டாராம். எழுப்பாமல் விட்டதற்கு அம்மாவை ஏசினாராம். "நாளைக்கு வருவா எண்டு சொல்லி, அடுத்தநாள் பின்னேரம் தலை இழுத்துப் பின்னிவிடச் சொன்னவ. நல்ல சீலை ஒண்டும் எடுத்துத் தரச் சொன்னவ. உடுத்திக்கொண்டு வாசலைப் பாத்து இருந்தவ."

அந்த மறுநாள் மாலை நான் சிராங்கூன் ரோட்டில் கடை கடையாக ஏறி, லண்டன் குளிருக்குக் கம்பளிச் சட்டை தேடிக்கொண்டிருந்தேன். இந்த வெயில் ஊரில் அது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.