ஜெர்மனியில் சுற்றிப்போட்ட மிளகாய்

பகாவ் என்ற சிறு ஊருக்கு வெளியே, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மகள் இப்போது கோலாலம்பூரில் படிக்கிறாள். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். ஆனாலும் கைப்பேசியில் அவள் பெயர் வந்தால் எடுத்ததும் உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பேன். பதினேழு வயதில் மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்குப் போய், ஒரு வீட்டில் தங்கிப் படித்தாளே, அந்த ஆண்டு எனக்குக் கொடுத்த பழக்கம் இது.

அங்கே அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயிருந்தார்கள். மகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவங்கதாம்மா அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க. ஆன்ட்டின்னா கோவம் வருது லா."

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பக்கத்திலிருந்த என் கணவர், "நீயும் ஒங்க ஹெட்மாஸ்டர நாளைக்குப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாரேன்," என்றார்.

குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டால் இறங்கும், பிறகு ஏறும். எங்களுக்கு மாலையாகும்போது அங்கே காலை. பள்ளி விட்டு வந்ததும் வீடியோவில் அவள் முகத்தைப் பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். நெற்றியில் கைவைத்தால் எனக்குத் தெரிந்துவிடும், எவ்வளவு சூடு என்று. கைவைக்கத்தான் வழியில்லை.

அதற்குச் சற்று முன்புதான் அங்கே பள்ளி விழாவில் சேலை கட்டி ஆடியிருந்தாள். அந்தப் படத்தை ஊரே பார்த்தது. கண்பட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

"நான் அனுப்புன காஞ்ச மொளகா இருக்குல்ல? அவங்கள சுத்திப்போடச் சொல்லு."

"அய்யோ மா, அதப் போயி அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்கு."

"போன அவங்ககிட்ட குடு. நான் சொல்றேன்."

ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண்மணி ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை மிளகாய், எந்தப் பக்கம் முதலில் என்று மட்டும் கேட்டுக்கொண்டு சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார். மிளகாயும் உப்பும் பிடித்த அவருடைய கை என் மகளின் தலையை வலமாகவும் இடமாகவும் சுற்றி வந்தது. அதில் மகளைத் துப்பச் சொல்லுங்கள் என்று நான் சொன்னபோதுதான் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகள் துப்பினாள்.

கூடத்தில் குளிர்காய ஒரு விறகடுப்பு. அதன் கதவைத் திறந்து அப்படியே உள்ளே போட்டார். இங்கே வாசலில் தேங்காய் ஓட்டைக் கொளுத்தி அதில் போடுவோம், புகை பனைகளுக்குள் போய்விடும். அங்கே சன்னலெல்லாம் அடைத்துக் கிடந்தது. இருவரும் இருமத் தொடங்கினார்கள். உத்தரத்தில் புகைமணி அலறியது. அவர் நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறினார்.

"மா, நெடி தாங்கல மா! அப்ப கண்ணு இல்ல லா!" இருமலுக்கு நடுவே மகள் சிரித்தாள்.

"போம்பா வந்து தண்ணி அடிக்கப் போறான். ஒன் வைத்தியத்த நிறுத்து," என்று என் கணவரும் சிரித்தார். தீயணைப்பு வண்டி எங்களுக்குப் போம்பாதான், ஜெர்மனியில் வந்தாலும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்பட்டிருந்தால் மிளகாய் நெடியில்லாமல் எரியும் என்பது எங்கள் நம்பிக்கை. இது நெடியடித்துவிட்டது. அப்படியென்றால் நிஜமான காய்ச்சல். இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் செய்ய முடிந்த ஒரே காரியமும் அத்தோடு தீர்ந்துவிட்டது.

சன்னலைத் திறந்துவிட்டு, கண்ணில் நீர் வழிய அவர் கைப்பேசியின் முன் வந்தார். பலித்ததா என்று கேட்டார். இல்லை, டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்றேன். உடனே தன்னுடைய கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, அணைத்தபடி காருக்கு நடத்திப் போனார்.

நெஞ்சில் சளி கட்டியிருந்தது என்பதும், மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தினார்கள் என்பதும் பிறகு வந்த செய்திகள். எனக்குள் நின்றுபோனது அந்தக் கார்தான். அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை. கைப்பேசி இருக்கைகளுக்கு நடுவே எங்கோ மல்லாந்து கிடந்திருக்க வேண்டும். காரின் கூரை தெரிந்தது. அவர் ஜெர்மன் மொழியில் என்னவோ சொன்னார். மகளும் அதே மொழியில் பதில் சொன்னாள், சின்னப் பிள்ளைக் குரலில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பேசினால் அங்கே கேட்டிருக்கும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கை திரையின் ஓரத்தில் வந்தது, தேடியது, அவருடைய சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டது.