பனிமலைக்குத் தைத்த பஞ்சுச் சட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் பின்னால் போய்விட்டது. மம்சாபுரம் வழியாக ராஜபாளையத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின் டயரில் கருவேல முள் ஏறியிருந்தது. பையில் இருந்த பஞ்சர் பசை காய்ந்து கல்லாகிவிட்டது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. முதுகு விறைத்துப்போய், பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டிருந்தன. இது குளிரா காய்ச்சலா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மார்கழிதான், ஆனால் எங்கள் ஊர் மார்கழி. காலையில் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறவர்கள் வெயில் ஏறியதும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். எதிரே ஒருவர் மேலுக்குச் சட்டையில்லாமல் புல்லுக்கட்டு சுமந்து போனார். நான் இரண்டு சட்டை போட்டு, அதற்கு மேல் பஞ்சு அடைத்த கையில்லாத சட்டையும் போட்டுக்கொண்டு நடுங்கினேன்.

அந்தக் கோடை முழுக்க வடக்கே ஒரு மலையூரில், சுற்றுலாக்காரர்களுக்குக் கியர் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அது எத்தனையாவது வேலை என்று எண்ணிப் பார்த்ததில்லை. அங்கே குளிர்காலத்தில் ஒரு பந்தயம் உண்டு. பனிமேல், பகலும் இரவுமாக, மலைக்கு மலை சைக்கிளிலேயே போக வேண்டும். கடை சார்பில் ஒருவனை அனுப்புவார்கள். ஏற்றத்தில் நான் மிதிப்பதைப் பார்த்துவிட்டு முதலாளி என்னைக் கேட்டார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இப்போதும் தெரியாது. அங்கே ஒரு குளிர்காலம்கூட நான் இருந்ததில்லை என்பது ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. சீசன் முடிந்து கடையை மூடிவிட்டார்கள், தங்க இடமில்லை, அக்கா வீட்டுக்கு வந்தேன். பனிக்குத் தயாராவதற்கு ராஜபாளையம் வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முந்தின நாள் முதலாளி போனில் கேட்டார். குளிரில் எவ்வளவு நேரம் தாங்குவாய், தெரியாமல் வந்து பனியில் விரல் விறைத்துக் கருகினால் உன்னை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது, நாளை சாயங்காலம் பதில் சொல், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். அதனால்தான் அன்று காலை, பந்தயத்துக்கென்று அக்கா தைத்துக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு செண்பகத்தோப்பு அடிவாரம் வரை மிதித்தேன். போகும்போது வேர்த்துக் கொட்டியது. திரும்பும்போது தூறல், மலையிலிருந்து இறங்குகிற காற்று, முள்.

மம்சாபுரத்தில் ஒரு டீக்கடையில் நின்றேன். கடைக்கார அம்மா நான் டம்ளர் பிடிக்கிற பிடியைப் பார்த்தார்.

"ஏலே, கெணத்துல விழுந்து ஏறி வாரியா?"

"காய்ச்சல்னு நெனைக்கேன்க்கா."

அவர் புறங்கையை என் நெற்றியில் வைத்தார். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீனு கணக்கா சில்லுனு இருக்க. மொதல்ல அந்த மூட்டையக் கழட்டு. என்னத்த மாட்டியிருக்க, தலகாணியா?"

"குளுருக்குப் போட்டது."

பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "போட்டதுனாலதான் குளுருது போல" என்றார்.

கழற்றினேன். சட்டை தொப்பென்று தரையில் விழுந்தது. தூறல் விட்டு அடித்த வெயிலில் உள்சட்டைகளோடு நின்றபோது நடுக்கம் மெல்லக் குறைந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாட்டினால் குளிர்கிறது, கழற்றினால் இல்லை. இதை வைத்துக்கொண்டு முதலாளியிடம் என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். சட்டையை வாங்கி வாளிக்கு மேல் பிழிந்தாள். வேர்வையும் தூறலுமாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பாதியில் கை நின்றது.

அக்கா ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யும் மில்லில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வெளுத்த பஞ்சைச் சின்னக் கம்பிக்கூடையில் அடைத்துத் தண்ணீரில் விடுவாள். சட்டென்று மூழ்கினால் நல்ல பஞ்சு. மிதந்தால் திருப்பி அனுப்புவாள். தண்ணீரைக் குடிப்பதற்கென்றே செய்கிற பஞ்சு அது.

"ஏலே, உனக்குன்னு மில்லுல இருக்கதுலயே நல்ல பஞ்சாப் பாத்துல்ல வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

"எனக்கும்தான் தோணல."

"உனக்கு என்னைக்குத் தோணியிருக்கு? நாள் முழுக்க அதத் தண்ணியில முக்குதவ நானு."

சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் தெருவில் குளிர் என்றால் பஞ்சு, காயம் என்றால் பஞ்சு, சம்பளம் என்றால் பஞ்சு. வேறு எதையும் யோசிக்க எங்களுக்குப் பழக்கமில்லை. சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது.

"இந்த ஊரு காத்துக்கே இப்படி ஆயிட்ட. அங்கன போயி என்னலே செய்வ? போகாத."

"போகாம?"

"இங்கன இரு."

இங்கே இருந்து நான் என்ன செய்வது?

சாயங்காலம் முதலாளியைக் கூப்பிட்டேன். குளிரில் நடுங்கினேன் என்றேன். எங்கே என்றார். ஊரில் என்றேன். உங்கள் ஊரிலா என்று இரண்டு தடவை கேட்டார். சட்டைக் கதையைச் சொன்னேன். சிரிக்கிறாரா, போனை வைத்துவிட்டாரா என்று தெரியாமல் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். கடைசியில், இந்த மாதம் முடிகிற வரை காத்திருக்கிறேன், நிஜமான குளிரில் இருந்து பார்த்துவிட்டுச் சொல் என்றார்.

ராஜபாளையத்தில் நிஜமான குளிருக்கு எங்கே போவது?

சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள். "சோழபுரம் போற ரோட்டுல ஐஸ்கிரீம் குடோன் இருக்குல்லா, அங்க ஆள் கேக்காக. எவனும் ஒரு வாரம் நிக்க மாட்டேங்கானாம்."

போகாதே என்றவளே ஏன் இதைச் சொன்னாள்? இவன் போய்ப் பழகட்டும் என்றா, முடியாது என்று இவனுக்கே தெரியட்டும் என்றா? அவளுக்கே தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை அந்தக் குடோனுக்குப் போனேன். சூப்பர்வைசர் வாசலில் நின்று வேனுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"குளுரு தாங்குவியா?"

"அதத்தான் பாக்கலாம்னு வந்தேன்ணே."

"பாக்கவா? இது என்ன பொருட்காட்சியாலே?"

இருந்தாலும் ஆள் தேவையாக இருந்தது. உள்ளே போய் ஒரு தடித்த கோட்டும் கையுறையும் கொண்டுவந்து கொடுத்தார். "உள்ள போயி நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. எடு, வையி, எடு. கை மரத்துச்சுன்னா ஒடனே வெளிய வந்துரணும். வீரம் காட்டுத வேலை இங்க இல்ல."

"எம்புட்டு நேரம் தாங்கும்?"

"ஆளுக்கு ஆளு வித்தியாசம். உன்னத நீதான் சொல்லணும்."

அது எனக்கே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கனத்த கதவை இழுத்துத் திறந்தார். வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்து காலைச் சுற்றியது. உள்ளே முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் ஊசி குத்தியது. பின்னால் கதவு மூடிக்கொண்டது. மேலடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக் கதவோரம் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பினேன்.